புது கார்: பணம் போகும் முன் பேப்பர் வரட்டும்

ஷோரூமில் கொடுக்கும் காபியைத் தாராளமாகக் குடிக்கலாம். ஆனால் எதிரில் உட்கார்ந்திருப்பவர் கார் கம்பெனியின் ஆள் இல்லை என்பது மனதில் இருக்கட்டும். டீலர் என்பவர் கம்பெனியிடம் வண்டியை வாங்கி விற்கும் தனி வியாபாரி. சின்ன கார் ஒன்றை விற்பதில் அவருக்கு நிற்பது சொற்பம். இன்சூரன்ஸ் கமிஷன், லோன் கமிஷன், ஆக்சஸரீஸ், எக்ஸ்டெண்டட் வாரண்டி, அப்புறம் வருஷா வருஷம் வரும் சர்வீஸ் என்று சில்லறை சேர்ந்துதான் கடை ஓடுகிறது. முதல் கார் வாங்குபவர் கோட்டை விடுவது பெரும்பாலும் காரின் விலையில் இல்லை, இந்தச் சில்லறையில்தான்.

இன்னொன்று. உங்கள் பேச்சு எடுபடுவது பணம் உங்கள் கையில் இருக்கும்வரைதான். முழுப் பணமும் கட்டி, இன்வாய்ஸ் போட்டு, வண்டி உங்கள் பெயரில் ரிஜிஸ்டர் ஆன பிறகு பம்பரில் கீறலைக் காட்டினால், "டச்சப் பண்ணிக் குடுத்துடலாம் சார்" என்பதற்கு மேல் எதுவும் கிடைக்காது. அதே கீறலை மூன்று நாள் முன்னால் ஸ்டாக் யார்டில் (விற்பனைக்கு வந்த வண்டிகளை நிறுத்தி வைக்கும் இடம்) காட்டியிருந்தால் வேறு வண்டியே கேட்டு வாங்கியிருக்கலாம். கீழே உள்ள படிகளெல்லாம் இந்த வரிசையைக் குலையவிடாமல் பார்த்துக்கொள்வதற்குத்தான். கணக்குகள் தமிழ்நாட்டு நிலவரப்படி.

1. கொட்டேஷனைப் பிரித்துக் கேளுங்கள்

"ஆன் ரோடு பதினொன்றே முக்கால் வரும் சார்" என்று ஒரே தொகையாகச் சொல்வார்கள். அதை வைத்துக்கொண்டு எதையும் ஒப்பிட முடியாது. மாடல், வேரியண்ட், கலர் எழுதி, ஒவ்வொரு தொகையும் தனி வரியில் வருகிற மாதிரி டீலரின் லெட்டர்பேடில் அல்லது அவர்களுடைய மெயிலில் வாங்குங்கள். இரண்டு டீலர்களிடம் வாங்கினால் போதும், எங்கே ஊதியிருக்கிறார்கள் என்று தானாகத் தெரிந்துவிடும்.

முதல் வரி எக்ஸ் ஷோரூம் விலை, அதாவது ரோடு டாக்ஸ், ரிஜிஸ்ட்ரேஷன், இன்சூரன்ஸ் சேராத விலை. ஜிஎஸ்டி இதற்குள்ளேயே இருக்கிறது. 2025 செப்டம்பர் 22 முதல், 4 மீட்டர் நீளத்துக்குள்ளும் பெட்ரோல் என்றால் 1200 சிசி, டீசல் என்றால் 1500 சிசிக்குள்ளும் அடங்கும் காருக்கு 18 சதவீதம். அதைத் தாண்டினால் 40. எலக்ட்ரிக் காருக்கு 5. கம்பெனியின் இணையதளத்தில் உங்கள் ஊருக்கான விலை இருக்கும். இரண்டும் பைசா மாறாமல் ஒத்துப்போக வேண்டும்.

அடுத்தது ரோடு டாக்ஸ். 2023 நவம்பரில் மாற்றிய விகிதப்படி, வண்டி விலை 5 லட்சம் வரை 12 சதவீதம், 10 லட்சம் வரை 13, 20 லட்சம் வரை 18, அதற்கு மேல் 20. வருமான வரி மாதிரி படிப்படியாக ஏறும் கணக்கு இல்லை. மொத்த விலைக்கும் ஒரே விகிதம். அதனால் 10 லட்சம் என்ற கோட்டில் ஒரு பள்ளம் இருக்கிறது. 9,99,000 ரூபாய் வண்டிக்கு டாக்ஸ் 1,29,870. 10,01,000 ரூபாய் வண்டிக்கு 1,80,180. விலையில் 2,000 ரூபாய் ஏறினால் டாக்ஸில் 50,000 ஏறுகிறது. போதாததற்கு, இன்வாய்ஸ் 10 லட்சத்தைத் தாண்டினால் 1 சதவீதம் டிசிஎஸ் (விற்பவரே பிடித்து அரசுக்குக் கட்டும் வருமான வரி) வேறு பிடிப்பார்கள். (அது போகிற காசு இல்லை; பான் நம்பர் கொடுத்திருந்தால் ரிட்டர்ன் போடும்போது கழித்துக்கொள்ளலாம். பலர் மறந்துவிடுகிறார்கள்.) சன் ரூஃப் வேண்டும் என்று அடுத்த வேரியண்டுக்குத் தாவுவதற்கு முன் இந்தக் கணக்கைப் போட்டுப் பாருங்கள். சில சமயம் அந்தக் கண்ணாடிக் கூரையின் உண்மை விலை முக்கால் லட்சத்தைத் தாண்டிவிடும்.

டீலர் எழுதியிருக்கும் ரோடு டாக்ஸ், ரிஜிஸ்ட்ரேஷன் தொகை பெரும்பாலும் உத்தேசத் தொகை. பணம் கட்டிய பிறகு போக்குவரத்துத் துறையின் ரசீது வரும். அதைக் கேட்டு வாங்கி ஒப்பிட்டு, மீதி இருந்தால் திருப்பிக் கேளுங்கள். கேட்காதவருக்கு யாரும் தேடி வந்து கொடுப்பதில்லை.

இனி "ஹேண்ட்லிங் சார்ஜ்". லாஜிஸ்டிக்ஸ், டிப்போ சார்ஜ் என்று பெயர் மாறி மாறி வரும். வண்டியைத் தொழிற்சாலையிலிருந்து ஷோரூமுக்குக் கொண்டுவரும் செலவு எக்ஸ் ஷோரூம் விலையிலேயே அடங்கியது. இந்த வரியைக் கண்டால் அடித்துவிடச் சொல்லுங்கள். உரையாடல் பெரும்பாலும் இப்படிப் போகும்:

"இது எல்லா கஸ்டமருக்கும் உண்டு சார். சிஸ்டம்லயே வந்துடும்."
"சரிங்க. அப்ப இதுக்குத் தனியா ஜிஎஸ்டி பில் குடுத்துடுங்க."
"மேனேஜர்கிட்ட ஒரு வார்த்தை பேசிட்டு வந்துடறேன் சார்."

போய்விட்டு வருபவர் அந்த வரியை எடுத்துவிட்டு வருவார், அல்லது அதே அளவுக்கு டிஸ்கவுண்ட் என்று எழுதிக்கொண்டு வருவார். இரண்டும் ஒன்றுதான்.

"பேசிக் கிட்" என்ற பெயரில் மேட், மட் ஃபிளாப், சீட் கவர், கார் கவர் எல்லாம் கட்டாயம் மாதிரி சேர்ந்திருக்கும். கட்டாயம் இல்லை. ஃப்ளோர் மேட், மட் ஃபிளாப் மட்டும் அவர்களிடமே வாங்கினால் அளவு பிசகாது. மற்றதை வெளியே வாங்கலாம். டெஃப்லான், செராமிக் கோட்டிங் புது பெயிண்டுக்கு அவசரமே இல்லை. ஹை செக்யூரிட்டி நம்பர் பிளேட்டுக்குத் தனிக் காசு கேட்டால் கொடுக்காதீர்கள். 2019 ஏப்ரல் 1-க்குப் பிறகு தயாரான வண்டிகளுக்கு அது கம்பெனி தர வேண்டியது.

2. இன்சூரன்ஸ்: அதிகம் மிச்சம் பிடிக்கக்கூடிய இடம்

புது காருக்கு 3 ஆண்டு தர்ட் பார்ட்டி (உங்கள் வண்டியால் அடுத்தவருக்கு வரும் பாதிப்புக்கு) கட்டாயம். 2018-ல் உச்ச நீதிமன்றம் சொல்லி வந்தது. அதோடு 1 ஆண்டு ஓன் டேமேஜ் (உங்கள் வண்டிக்கே வரும் சேதத்துக்கு) சேர்த்து "ஒன் பிளஸ் த்ரீ" என்பார்கள். தர்ட் பார்ட்டி கட்டணம் அரசு நிர்ணயிப்பது. 2022 அறிவிப்புப்படி 1000 முதல் 1500 சிசி வரையுள்ள புது காருக்கு 3 ஆண்டுக்கு 10,640 ரூபாய், ஜிஎஸ்டி தனி. எந்தக் கம்பெனியிலும் இது மாறாது. மாறுவதெல்லாம் ஓன் டேமேஜும், கூடுதல் காசுக்குச் சேர்க்கும் ஆட் ஆன்களும்தான். ஒரே வண்டி, ஒரே இன்சூரன்ஸ் கம்பெனி, ஷோரூம் வழியாக ஒரு விலை, நேரடியாக ஒரு விலை என்று இருப்பது சாதாரணம்.

டீலரிடம்தான் எடுக்க வேண்டும் என்று எந்தச் சட்டமும் இல்லை. "வெளிய எடுத்தா நம்ம வொர்க் ஷாப்ல கேஷ்லெஸ் வராது சார்" என்று சொன்னால், அந்த இன்சூரன்ஸ் கம்பெனியின் தளத்தில் நெட்வொர்க் கராஜ் பட்டியலைத் திறந்து அந்த வொர்க் ஷாப்பின் பெயரைத் தேடுங்கள். பெயர் இருந்தால் கேஷ்லெஸ் வரும்.

ஒப்பிடும்போது ஐடிவி (வண்டி திருடுபோனாலோ முழுதாக நாசமானாலோ இன்சூரன்ஸ் கம்பெனி தரும் அதிகபட்சத் தொகை) இரண்டிலும் ஒன்றாக இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். புது வண்டிக்கு எக்ஸ் ஷோரூம் விலையில் 5 சதவீதம் கழித்தது ஐடிவி. 9 லட்சம் வண்டிக்கு 8,55,000. இதைக் குறைத்துப் போட்டால் பிரீமியம் மலிவாகத் தெரியும், வண்டி திருடுபோனால் அன்றைக்குத்தான் வலிக்கும். ஆட் ஆன்களில் ஜீரோ டெப்ரிசியேஷன் முதல் சில ஆண்டுகளுக்கு அவசியம்; பம்பர் மாதிரி பிளாஸ்டிக் பாகங்களுக்கு அது இல்லாவிட்டால் பாதி விலை உங்கள் தலையில். தண்ணீர் தேங்கும் தெருவில் வீடு என்றால் இன்ஜின் ப்ரொடெக்ட் சேருங்கள். சாவி தொலைந்தால், டயர் கிழிந்தால் என்று நீளும் மற்றவற்றை யோசித்துச் சேர்க்கலாம்.

பழைய கார் வைத்திருந்து கிளெயிம் செய்யாமல் ஓட்டியவர்களுக்கு ஒரு விஷயம். நோ கிளெயிம் போனஸ் வண்டிக்கு உரியதல்ல, உங்களுக்கு உரியது. பழைய வண்டியை விற்றதும் அந்த இன்சூரன்ஸ் கம்பெனியிடம் என்சிபி கடிதம் வாங்கினால் 50 சதவீதம் வரை புது காரின் ஓன் டேமேஜில் கழியும். கடிதம் 3 ஆண்டு செல்லும்.

வெளியே எடுப்பதில் உண்மையான சிக்கல் ஒன்றே ஒன்று: சேஸிஸ் நம்பரும் இன்ஜின் நம்பரும் கையில் இருந்தால்தான் பாலிசி போட முடியும். அதைக் கடைசி நாள் வரை தராமல் இழுத்து, "டைம் இல்ல சார், நம்மகிட்டயே போட்டுடலாம்" என்பார்கள். புக்கிங் ஃபார்மிலேயே "இன்சூரன்ஸ் கஸ்டமர் பொறுப்பு" என்று எழுத வைத்துவிடுங்கள்.

3. புக்கிங், லோன், பழைய வண்டி

புக்கிங் தொகை டீலர் கம்பெனியின் வங்கிக் கணக்குக்குத்தான் போக வேண்டும். சேல்ஸ் எக்ஸிக்யூட்டிவ் எவ்வளவு தங்கமான பிள்ளையாக இருந்தாலும் அவருடைய ஜிபே நம்பருக்கு ஒரு ரூபாய்கூடப் போடாதீர்கள். ரசீதில் வேரியண்ட், கலர், உத்தேச டெலிவரி தேதி, கேன்சல் செய்தால் எவ்வளவு பிடிப்பார்கள், ஒப்புக்கொண்ட டிஸ்கவுண்ட், இலவசமாகத் தருவதாகச் சொன்ன பொருட்கள், எல்லாம் ஏறட்டும். வாயால் சொன்ன "ஃப்ரீ ஆக்சஸரீஸ்" அந்தப் பையன் வேறு ஷோரூமுக்கு மாறியதும் காணாமல் போகும். மாறுவார்கள், அந்த வேலை அப்படி.

புக் செய்த அன்றைய விலை உங்களுக்கு உறுதி இல்லை, இன்வாய்ஸ் போடும் அன்றைய விலைதான் செல்லும். காத்திருப்பு மூன்று மாதம் என்றால் இடையில் விலை ஏறலாம். ரொக்கமாக 2 லட்சமோ அதற்கு மேலோ வாங்குவது வருமான வரிச் சட்டப்படி தடை, ஆகவே செக் அல்லது வங்கிப் பரிமாற்றம்தான்.

லோன் என்றால் வங்கியிடம் ஒரு வார்த்தை சொல்லிவையுங்கள்: நான் வண்டியைப் பார்த்துச் சரி என்ற பிறகே டீலருக்குப் பணம் விட வேண்டும். பணம் போய்விட்டால் இஎம்ஐ ஓட ஆரம்பித்துவிடும், வண்டி யார்டில் நிற்கும்.

பழைய காரை எக்ஸ்சேஞ்சில் விடுபவர்கள் விலையை மட்டும் பார்த்துவிட்டுச் சாவியைக் கொடுத்துவிடுகிறார்கள். ஆர்சி உங்கள் பெயரில் இருக்கும்வரை அந்த வண்டி செய்யும் விபத்துக்கு நோட்டீஸ் உங்கள் வீட்டுக்குத்தான் வரும். 2023 ஏப்ரல் முதல் அங்கீகாரம் பெற்ற பழைய வண்டி டீலரிடம் கொடுத்தால், படிவம் 29சி வழியாக ஆர்டிஓவுக்குத் தெரிவித்துவிடலாம். அதன்பின் பொறுப்பு டீலருடையது. அது இல்லையென்றால் தேதி, நேரம், கிலோமீட்டர் எழுதிய டெலிவரி நோட்டில் சீலோடு கையெழுத்து வாங்குங்கள். ஃபாஸ்டேக்கைக் கணக்கோடு மூடிவிடுங்கள்.

4. பிடிஐ (டெலிவரிக்கு முந்தைய சோதனை): யார்டில் ஒரு மணி நேரம்

இந்த வழிகாட்டியில் ஒன்றை மட்டும் செய்வீர்கள் என்றால் இதைச் செய்யுங்கள். முழுப் பணம் கட்டுவதற்கு முன், இன்வாய்ஸ் போடுவதற்கு முன், உங்களுக்கு ஒதுக்கிய அதே வண்டியை, பகல் வெளிச்சத்தில், யார்டிலேயே போய்ப் பார்ப்பது. ஷோரூமின் வெள்ளை விளக்கில் எல்லா வண்டியும் அழகுதான். "யார்டுக்குள்ள கஸ்டமர் அலவுட் இல்ல" என்றால் வண்டியைக் கழுவாமல் ஷோரூம் வாசலுக்குக் கொண்டுவரச் சொல்லுங்கள்.

முதலில் சேஸிஸ் நம்பர். 17 எழுத்து. பல கம்பெனிகளில் 10-வது எழுத்து வருடத்தைச் சொல்லும்: ஆங்கில ஆர் (R) என்றால் 2024, எஸ் (S) என்றால் 2025, டி (T) என்றால் 2026. தயாரித்த மாதமும் வருடமும் படிவம் 21 என்ற விற்பனைச் சான்றிதழில் தெளிவாக வரும், அதன் நகலைக் கேளுங்கள். டிசம்பரில் தயாரானதை ஜனவரியில் கொடுப்பதில் வண்டிக்கு ஒரு குறையும் இல்லை; ஆனால் விற்கும்போது ஒரு வயது கூடுதலாகப் பேசுவார்கள், அதற்கு உரிய டிஸ்கவுண்ட் கேட்கலாம்.

டயரின் பக்கவாட்டில் முட்டை வடிவக் கட்டத்துக்குள் நான்கு இலக்கம் இருக்கும். 3525 என்றால் 2025-ன் 35-வது வாரம். ஸ்டெப்னியும் சேர்த்து ஐந்தையும் பாருங்கள். நான்கு ஒரு தேதி, ஒன்று மட்டும் வேறு என்றால் அந்தச் சக்கரத்துக்கு ஏதாவது நடந்திருக்கலாம், காரணம் கேளுங்கள். கண்ணாடிகளின் மூலையில் உள்ள குறியீடும் அப்படியே. ஓடோமீட்டர் இரண்டு இலக்கத்தில் இருந்தால் இயல்பு. நூற்றைத் தாண்டி நன்றாக ஏறியிருந்தால் டெஸ்ட் டிரைவுக்கோ, வேறு ஊர் யார்டிலிருந்து ஓட்டி வரவோ பயன்பட்டிருக்கும், காரணம் கேளுங்கள்.

அடுத்து பெயிண்ட். நேராக நின்று பார்த்தால் ஒன்றும் தெரியாது. குனிந்து, வெளிச்சம் சாய்வாக விழும் கோணத்தில் கதவோடு ஒட்டிப் பாருங்கள். மறு பெயிண்ட் அடித்த இடம் ஆரஞ்சுப் பழத் தோல் மாதிரி புள்ளி புள்ளியாகத் தெரியும். கதவு ரப்பர் பீடிங்கை விரலால் மடக்கினால் உள்ளே பெயிண்ட் தூவல் ஒட்டியிருக்கிறதா என்று தெரியும். பானெட்டைத் தூக்கி ஃபெண்டர் போல்ட்களின் தலையைப் பாருங்கள்: ஸ்பேனர் பட்டு பெயிண்ட் உரிந்திருந்தால் அந்தப் பானெல் ஒருமுறை கழன்றிருக்கிறது. டிரெய்லரில் ஏற்றி இறக்கும்போது அடிபடும் வண்டிகளைச் சரிசெய்து வைப்பது உண்டு.

சென்னை, சுற்றுவட்டாரத்தில் மழைக்காலத்துக்குப் பிறகு வாங்குபவர்கள் தண்ணீர்ச் சுவட்டையும் தேட வேண்டும். 2015 வெள்ளத்திலும் 2023 டிசம்பர் மிக்ஜாம் புயலிலும் மூழ்கிய கார்களுக்குக் கணக்கில்லை. சீட் பெல்ட்டை முழுவதுமாக, கடைசி வரை இழுங்கள். மேலே பளிச்சென்று இருந்து, சுருளுக்குள் இருந்த பகுதியில் மட்டும் பழுப்புக் கோடோ பூஞ்சை வாசமோ இருந்தால் அந்த வண்டி வேண்டாம். சீட்டுக்கு அடியில் தண்டவாளம் மாதிரி ஓடும் கம்பியில் வண்டல், ஸ்டெப்னி குழியில் காய்ந்த சேறு, ஃபியூஸ் பாக்ஸில் பச்சை பூத்திருப்பது ஆகியவையும் அதே கதைதான். பிரேக் டிஸ்கில் லேசான துரு மட்டும் பயப்பட வேண்டியதில்லை, நின்ற வண்டிக்கு அது வரும், நாலு முறை பிரேக் பிடித்தால் போய்விடும்.

கடைசியில் ஸ்டார்ட் செய்து எல்லா சுவிட்சையும் ஒருமுறை தொடுங்கள்: நான்கு ஜன்னல் கண்ணாடி, பக்கக் கண்ணாடி மடக்கி, வைப்பர், ஹாரன், ரிவர்ஸ் கேமரா, ஏசியை முழுக் குளிரில் பத்து நிமிடம். இரண்டு சாவி, ஜாக்கி, டூல் கிட் இருக்கிறதா? சரி என்றால் சேஸிஸ் நம்பரைப் போட்டோ எடுத்து, "இந்த வண்டிக்கு ஓகே, இன்வாய்ஸ் போடலாம்" என்று மெயிலோ வாட்ஸ்அப்போ அனுப்புங்கள். டெலிவரிக்கு வருவது அதே நம்பர்தானா என்று பிறகு ஒத்துப்பாருங்கள்.

5. டெலிவரி நாள்

ஆயுத பூஜை, விஜயதசமி, அட்சய திருதியை அன்று ஒரு ஷோரூமில் ஒரே நாளில் ஏகப்பட்ட வண்டி கைமாறும். அன்று உங்களுக்கு மாலையும் கேக்கும் கிடைக்கும், நிதானம் கிடைக்காது. நல்ல நாள் வேண்டும் என்றால் பிடிஐ, பணம், பேப்பர் எல்லாவற்றையும் முந்தின வாரமே முடித்துவிட்டு, அன்று எலுமிச்சம்பழம் ஏற்ற மட்டும் போங்கள். ஆடி மாதம் ஒத்துக்கொள்பவர்களுக்கு எதிர்ப்பக்க லாபம் இருக்கிறது: கூட்டம் குறைவு, மாத டார்கெட் இடிக்கும், டிஸ்கவுண்ட் இளகும்.

ரிஜிஸ்டர் ஆகி நம்பர் பிளேட் மாட்டாமல் வண்டியை வெளியே எடுக்காதீர்கள். டீலர் இருக்கும் மாநிலத்திலேயே ரிஜிஸ்டர் ஆகும் வண்டிக்கு டீலரே ரிஜிஸ்ட்ரேஷனுக்கு விண்ணப்பித்து, நம்பர் மாட்டியே தர வேண்டும் என்பது 2019 திருத்தச் சட்டம். கையில் வர வேண்டியவை: டாக்ஸ் இன்வாய்ஸ், படிவம் 21, படிவம் 22 (வண்டி சாலையில் ஓடத் தகுதியானது என்று கம்பெனி தரும் சான்று), இன்சூரன்ஸ் பாலிசி, ரோடு டாக்ஸ் ரசீது, எக்ஸ்டெண்டட் வாரண்டி எடுத்திருந்தால் அதன் சான்று, ஓனர்ஸ் மேனுவல். யார்டில் டயர் தட்டையாகாமல் இருக்கக் காற்றை ஏற்றி வைத்திருப்பார்கள். ஓட்டுநர் கதவுச் சட்டத்தில் ஒட்டியிருக்கும் அளவுக்கு இறக்கச் சொல்லுங்கள். இல்லாவிட்டால் முதல் வாரமே "சஸ்பென்ஷன் கல்லு மாதிரி இருக்கு" என்று தோன்றும்.

"கம்பெனியிலருந்து போன் வரும், பத்துக்குப் பத்து குடுத்துடுங்க சார்" என்று கெஞ்சுவார்கள். எட்டு கொடுத்தாலே அவர்களுக்கு அடி விழும், இன்சென்டிவ் போகும். அதனால் பாக்கி இருக்கும் மேட், டாக்ஸ் மீதி, இரண்டாவது சாவி எல்லாம் வரும்வரை அந்தப் பத்தைக் கையிலேயே வைத்திருங்கள்.

6. சர்வீஸ்

"ஃப்ரீ சர்வீஸ்" என்பதில் இலவசம் லேபர் மட்டும். ஆயில், ஃபில்டர், கூலண்ட் எல்லாம் காசு. எந்த கிலோமீட்டரில் எது மாற்ற வேண்டும் என்ற அட்டவணை ஓனர்ஸ் மேனுவலின் கடைசிப் பக்கங்களில் இருக்கும். அந்தப் பக்கத்தைப் போனில் வைத்துக்கொண்டு போங்கள். அதில் இல்லாத இன்ஜின் ஃபிளஷிங், இன்ஜெக்டர் கிளீனிங், ஏசி டிஸ்இன்ஃபெக்ஷன், அண்டர்பாடி கோட்டிங் எதுவும் வாரண்டிக்கு நிபந்தனை இல்லை. வேண்டாம் என்று சொல்லலாம். வண்டி ஒரு பக்கம் இழுக்காதபோது முதல் சர்வீஸிலேயே அலைன்மெண்டும் தேவையில்லை.

ஜாப் கார்டில் (வொர்க் ஷாப்பில் வண்டியை விடும்போது குறைகளையும் வேலைகளையும் எழுதும் சீட்டு) குறையை எழுதுவதில்தான் பாதி விஷயம் இருக்கிறது. நீங்கள் பேசுவது சர்வீஸ் அட்வைசரிடம். வண்டியைப் பிரிப்பவர் உங்களைப் பார்க்கவே போவதில்லை, அவர் படிப்பது அந்த ஒரு வரியைத்தான். "முன்னாடி சத்தம் வருது" என்று எழுதினால் "செக்ட், ஓகே" என்று திரும்பி வரும். "காலையில் முதல் ஓட்டத்தில், ஸ்பீட் பிரேக்கர் இறங்கும்போது, இடது முன் சக்கரத்தில் டக் என்று ஒரு சத்தம், வண்டி சூடானால் இல்லை" என்று எழுதினால் எங்கே கை வைக்க வேண்டும் என்று தெரியும். முடிந்தால் டெக்னீஷியனை உட்கார வைத்து ஒரு சுற்று ஓட்டிக் காட்டுங்கள்.

கிலோமீட்டர், பெட்ரோல் முள், ஏற்கனவே உள்ள கீறல்கள் எல்லாம் கார்டில் ஏறியதும், "எஸ்டிமேட்டுக்கு மேல் எந்த வேலைக்கும் போனில் கேட்ட பிறகே" என்று எழுதிக் கையெழுத்துப் போடுங்கள். மாற்றிய பழைய பாகங்களை டிக்கியில் வைக்கச் சொல்லுங்கள். பிரேக் பேட் உண்மையிலேயே தேய்ந்ததா என்று கண்ணாலேயே பார்த்துவிடலாம். பில்லில் ஆயில் அளவையும் பாருங்கள். மேனுவலில் 3.5 லிட்டர் என்று இருக்க, பில்லில் 4 லிட்டர் இருந்தால் அந்த அரை லிட்டர் எங்கே போனது என்று கேட்கலாம்.

7. சண்டை வந்தால்

கவுண்டரில் கத்துவதால் அன்றைக்கு ஒரு ஜூஸ் கிடைக்கும், அவ்வளவுதான். சர்வீஸ் மேனேஜருக்கு மெயில், நகல் டீலரின் ஜிஎம்முக்கு. ஒரு வாரத்தில் பதில் இல்லையென்றால் கார் கம்பெனியின் கஸ்டமர் கேருக்கு மெயில் போட்டு கம்ப்ளெயின்ட் நம்பர் வாங்குங்கள். அது கம்பெனியின் ஏரியா மேனேஜர் மேஜைக்குப் போகும், டீலர் உண்மையில் அஞ்சுவது அவரைத்தான். அதற்கும் அசையவில்லை என்றால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915.

கடைசிப் படி மாவட்ட நுகர்வோர் ஆணையம். வாங்கிய பொருளுக்குக் கொடுத்த விலை 50 லட்சம் வரை இருந்தால் இங்கேயே போடலாம். கட்டணம் 5 லட்சம் வரை இல்லை, 10 லட்சம் வரை 200 ரூபாய், 20 லட்சம் வரை 400, 50 லட்சம் வரை 1,000. வக்கீல் கட்டாயமில்லை. ஷோரூம் வேறு ஊரில் இருந்தாலும் நீங்கள் குடியிருக்கும் மாவட்டத்திலேயே தாக்கல் செய்யலாம், இ-ஜாக்ரிதி தளத்தில் ஆன்லைனிலும் முடியும். பிரச்சினை எழுந்த நாளிலிருந்து 2 ஆண்டுக்குள் போட்டாக வேண்டும்.

அங்கே எடுபடுவது, ஒரே குறையை மூன்று முறை எழுதிய மூன்று ஜாப் கார்டுகள். அதனால் ஒவ்வொரு கார்டின் நகலையும் அன்றன்றைக்கே போட்டோ எடுத்து வையுங்கள். சில இடங்களில் அது தெர்மல் பேப்பரில் வருகிறது. காரின் டேஷ்போர்டு அறைக்குள் ஒரு கோடை கிடந்தால் எழுத்தே இருக்காது.